மோட்டார் சைக்கிள் டைரி: படித்துவிட்டு மலை ஏறுவதா, பார்த்துவிட்டு ஏறுவதா?

கேள்வி இதுதான். சேலத்தில் கல்லூரி இரண்டாம் வருடம் படிக்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார். ஆறு பேர் சேர்ந்து மாதம் ஒரு புத்தகம் படித்துப் பேசுகிறார்களாம், அடுத்த மாதத்துக்கு சே குவேராவின் 'தி மோட்டார்சைக்கிள் டைரீஸ்'. ஆறில் நாலு பேர், "அதான் படமா வந்திருக்கே, ரெண்டு மணி நேரத்துல முடிஞ்சுரும், அப்புறம் எதுக்குப் புத்தகம்?" என்கிறார்களாம். பேசி முடித்த மறுநாள் மூன்று வண்டியில் ஏற்காடு போவதாகத் திட்டம். பரீட்சை நெருங்குவதால் ஒன்றுக்குத்தான் நேரம், புத்தகமா படமா சொல்லுங்கள் என்கிறார்.

தம்பி, ஒன்றுதான் முடியும் என்றால் புத்தகம். இரண்டும் முடியும் என்றால் பாதிப் புத்தகம், அப்புறம் படம், அப்புறம் மீதிப் புத்தகம். இது என்ன கூத்து என்று தோன்றும், காரணம் இருக்கிறது, சொன்னால் கொஞ்சம் நீளும். நான் அஸ்தம்பட்டிக்காரன், வயது 56, ஏழெட்டு வருடம் ஒரு நண்பர் வீட்டு மாடியில் மாதம் ஒரு படம் போட்டுக் காட்டியவன். இந்தப் படத்தையே இரண்டு தடவை போட்டிருக்கிறேன். இரண்டாம் தடவை, நாயகன் ராத்திரியில் ஆற்றில் குதிக்கிற இடத்தில் கரண்ட் போய்விட்டது, ஒரு மணி நேரமாகியும் வரவில்லை, வந்தவர்களில் பாதிப் பேர் அதுதான் முடிவு என்று நினைத்துக் கைதட்டிவிட்டு இருட்டில் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு கிளம்பினார்கள். நல்ல முடிவுதான் அதுவும்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். "என்ன இருந்தாலும் புத்தகம் மாதிரி வராதுப்பா" என்று எடுத்த எடுப்பிலேயே சொல்லும் கோஷ்டியில் நான் இல்லை. நீங்கள் மலைக்குப் போகிற ஏற்காடு ரோட்டில்தான் மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவு நிற்கிறது. டி. ஆர். சுந்தரம் நடத்திய அந்தக் கம்பெனி 1950இல் 'மந்திரி குமாரி' எடுத்தது, வசனம் கருணாநிதி, நாயகன் எம்.ஜி.ஆர். கதைக்கு வேர் குண்டலகேசி. தன்னை மலை உச்சிக்குக் கூட்டிப்போய்க் கொல்லப் பார்க்கிற கணவனிடம், சாவதற்கு முன்னால் உங்களைச் சுற்றி வந்து கும்பிட்டுக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு, சுற்றுகிற சாக்கில் பின்னாலிருந்து அவனையே தள்ளிவிடுகிறாளே, அந்தக் கதை. குண்டலகேசி என்ற காப்பியத்தில் இன்று கிடைப்பது 19 பாட்டுகள்தான், மற்றதெல்லாம் காலத்தோடு போய்விட்டது. ஆனால் தள்ளிவிடுகிற காட்சி எங்கள் அம்மாவுக்கு அத்துப்படி. அவர் காப்பியம் எதையும் படித்தவர் இல்லை. ஆக, நூல் தொலைந்துபோய்ப் படம் காப்பாற்றிக் கொடுப்பதும் உண்டு.

ஆனால் அது கதை. பயண நூல் வேறு ஜாதி. கதையில் என்ன நடந்தது என்பதுதான் சரக்கு. பயண நூலில் நடந்தது பாதிச் சரக்கு, நடந்தவன் அதை என்னவென்று ஞாபகம் வைத்திருக்கிறான், எதை அமுக்குகிறான், எதில் பீற்றிக்கொள்கிறான் என்பது மீதிப் பாதி. படம் எடுப்பவர் முதல் பாதியை அள்ளிக்கொண்டு போய்விடலாம். இரண்டாம் பாதி தாளோடு ஒட்டிக்கொண்டது, உரித்தால் வராது.

விஷயத்துக்கு வருவோம். 1952 ஜனவரி. பின்னாளில் சே என்று பெயர் வாங்கிய எர்னஸ்டோ குவேரா, வயது 23, மருத்துவப் படிப்பை முடிக்காத பையன். கூட ஆல்பர்டோ கிரானாடோ, வயது 29, உயிர்வேதியியல் படித்தவர். வண்டி 1939ஆம் வருட நார்ட்டன் 500, ஆல்பர்டோவுடையது. அதற்கு அவர்கள் வைத்திருந்த பெயர் லா போதெரோசா, அதாவது வலிமை மிக்கவள். பெயர்தான் அப்படி. அர்ஜென்டினாவில் கிளம்பியதிலிருந்து விழுவதும் கம்பி போட்டுக் கட்டுவதும் மறுபடி விழுவதுமாக இழுத்துக்கொண்டு போய், சிலியில் ஒரேயடியாகப் படுத்துவிடுகிறது. சாந்தியாகோ நகரத்தில் அதை விட்டுவிட்டு, அதற்குப் பிறகு லாரி, கப்பல், நடை, கட்டுமரம் என்று பெரு, கொலம்பியா வழியாக வெனிசுவேலாவின் கராகஸ் வரை போய்ச் சேரும்போது ஜூலை ஆகிவிட்டது. தலைப்பை நம்பி வண்டிக் கதை என்று உட்கார்ந்தால் ஏமாந்துபோவீர்கள், முக்கால்வாசி வண்டியே கிடையாது. உங்கள் குழுவில் வண்டிப் பைத்தியம் யாராவது இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

புத்தகத்தின் ஆரம்பத்திலேயே அவர் ஒரு காரியம் செய்கிறார். இந்தக் குறிப்புகளை வழியில் எழுதியவன் ஊர் திரும்பி அர்ஜென்டினா மண்ணில் கால் வைத்த அன்றே செத்துவிட்டான், இப்போது இதைச் சீர்செய்துகொண்டிருப்பவன் வேறு ஆள் என்கிற மாதிரி சொல்லிவிடுகிறார். டைரியை வைத்துக்கொண்டு பின்னாளில் உட்கார்ந்து திருத்தி எழுதிய புத்தகம் அது. அச்சில் வந்ததோ அவர் இறந்து கால் நூற்றாண்டு கழித்து, 1990களில். அதனால் நீங்கள் ஒரு பக்கத்தைப் படிக்கும்போது இரண்டு பேர் பேசுகிறார்கள். பசியில் யார் வீட்டுக் கதவைத் தட்டலாம் என்று பார்க்கிற ஒரு பொடியன், அவன் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து நக்கலடிக்கிற, கொஞ்சம் மூத்த இன்னொருத்தன். 2004இல் வால்டர் சாலஸ் எடுத்த படத்தில் கேல் கார்சியா பெர்னால் அருமையாகத்தான் செய்திருக்கிறார், ஆனால் அவர் செய்திருப்பது ஒருத்தனைத்தான்.

இதை நான் புத்தகத்தில் படித்துக் கற்றுக்கொள்ளவில்லை. எனக்கே நடந்தது.

1994 ஏப்ரல். நானும் என் நண்பனும் அவனுடைய ராஜ்தூத்தில் ஏற்காடு கிளம்பினோம். காலையில் கிளம்ப வேண்டியது, தட்டுவடை செட் கட்டி வாங்குகிறேன் என்று நான் போய் நின்று தாமதமாகி, அடிவாரம் தாண்டும்போதே உச்சி வெயில். பதிமூன்றாவது கொண்டை ஊசி வளைவில் கியர் மாற்றும்போது கிளட்ச் வயர் அறுந்துவிட்டது. வயர் அறுந்த வண்டியை மேட்டில் கிளப்பி எடுப்பதெல்லாம் எங்களால் ஆகிற காரியம் இல்லை. தள்ளினோம். இரண்டு வளைவு தள்ளிய பிறகு, எஸ்டேட்டில் சில்வர் ஓக் கட்டை ஏற்றுவதற்காகக் காலியாகப் போன ஒரு லாரிக்காரர் நிறுத்தினார். கிளீனர் பையன் ஒரு பலகையைச் சாய்த்துப்போட, மூன்று பேருமாக வண்டியைப் பின்னால் ஏற்றினோம். பழைய மரத்தூள் ஒரு விரல் கனத்துக்கு இருந்தது, காற்றில் அது எழும்பி எழும்பிக் கண்ணில் விழ, கண்ணை மூடிக்கொண்டே மிச்ச வளைவுகளை ஏறி, ஒண்டிக்கடையில் இறங்கும்போது இரண்டு பேரும் பொரிகடலை மாவில் புரண்ட மாதிரி இருந்தோம்.

வீட்டுக்கு வந்து ஒரு 80 பக்க நோட்டில் இதையெல்லாம் எழுதி வைத்தேன். நன்றாகத்தான் எழுதியிருக்கிறேன் என்று இருபது வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

2016இல் அக்கா மகன் விஸ்காம் படித்துக்கொண்டிருந்தான். குறும்படம் எடுக்க வேண்டும், மாமா உங்க நோட்டைக் கொடுங்க என்று வாங்கிப்போனான். எட்டு நிமிடப் படம். பார்த்தால் முதல் காட்சியிலிருந்து மழை. "டேய் கண்ணு, அன்னைக்கு மழையே இல்லடா, வெயில் மண்டையைப் பிளந்துச்சு" என்றேன். "வெயில்ல நின்னா யாருக்கும் பாவமா இருக்காது மாமா" என்றான். லாரியும் இல்லை. லாரிக்கு வாடகை யார் கொடுப்பது? லாரிக்குப் பதில் ஒரு பாட்டி வந்து டீ கொடுக்கிறார். சரி, போகட்டும், படம் என்றால் அப்படித்தான். ஆனால் நடுவில் ஒரு காட்சி. கேமரா பின்னால் தூரத்தில் இருக்கிறது. மேட்டில் ஒருத்தன் கையை வீசிக்கொண்டு முன்னால் நடக்கிறான். பின்னால் ஒருத்தன் குனிந்து, ஹேண்டிலில் நெஞ்சைக் கொடுத்து, வண்டியைத் தள்ளிக்கொண்டு போகிறான். முன்னால் போகிறவன் நான்.

நோட்டை எடுத்துப் பார்த்தேன். 'வண்டியைத் தள்ளிக்கொண்டே ஏறினோம்' என்று எழுதியிருக்கிறேன். ஏறினோம். அந்த 'ஓம்' இருக்கிறதே, அதற்குள் யார் தள்ளினான் யார் சும்மா வந்தான் என்பதெல்லாம் காணாமல் போய்விடும், பொய்யும் சொன்னதாகாது. பையன் என் நோட்டோடு நிற்காமல் நண்பனையும் போய்ப் பார்த்துப் பேசியிருக்கிறான். அவன் சொன்னதைத்தான் காட்சியாக வைத்திருக்கிறான்.

இதனால்தான் படத்தை வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. தாளில் 'ஓம்' போட்டு ஒட்டிவிடலாம், திரையில் இரண்டு உடம்பைத் தனித்தனியாகக் காட்டியே ஆக வேண்டும். யார் முன்னால் போகிறான், யார் சாப்பாட்டுக்கு வழி பண்ணுகிறான், யார் பேச்சை யார் கேட்கிறான் எல்லாம் வெளியே வந்துவிடும். சாலஸ் செய்ததும் கிட்டத்தட்ட என் அக்கா மகன் செய்ததுதான், பெரிய அளவில். அந்தப் பயணத்தைப் பற்றி கிரானாடோவும் தனியாக ஒரு புத்தகம் எழுதியிருக்கிறார். படத்தின் திரைக்கதைக்கு இரண்டு புத்தகமும் ஆதாரம். சேவின் புத்தகத்தை மட்டும் படித்தால் ஆல்பர்டோ கூட வருகிற வேடிக்கை மனிதர், அவ்வளவுதான். படத்தில் அவருக்கு ஒரு வயிறு இருக்கிறது, ஆசை இருக்கிறது, இந்தப் பையன் உண்மையையே பேசித் தொலைக்கிறானே, ஒரு வாய்ச் சோறு கிடைக்கிறவரை பொய் சொன்னால் என்ன என்கிற எரிச்சல் இருக்கிறது. அந்த வேடத்தில் நடித்த ரோட்ரிகோ டி லா செர்னா, சேவுக்குத் தாய்வழியில் உறவுமுறை. சொந்தக்காரரைக் கூட்டிவந்து நண்பன் வேடம் கொடுத்திருக்கிறார்கள், இந்த ஏற்பாடு எனக்குப் பிடித்திருந்தது. கடைசியில் நிஜ கிரானாடோவே, எண்பது தாண்டிய கிழவராக, ஒரு விமானம் போவதை அண்ணாந்து பார்த்தபடி வருவார். ஒன்றும் பேசமாட்டார். 2011 வரை ஹவானாவில் உயிரோடு இருந்தார். அந்த முகத்தை எந்த எழுத்தாலும் தர முடியாது, ஒப்புக்கொள்கிறேன்.

இன்னொன்றும் படத்துக்கு உண்டு. பயணம் போன வழியிலேயே, போன வரிசையிலேயே எடுத்திருக்கிறார்கள். குஸ்கோ மாதிரி ஊர்களில் வருகிற ஆட்களில் பலர் நடிகர்களே இல்லை, அங்கே இருப்பவர்கள், பேச்சும் எழுதிக்கொடுத்த வசனம் இல்லை. நடுநடுவே அவர்கள் கேமராவைப் பார்த்துச் சும்மா நிற்கிற கறுப்பு வெள்ளைக் காட்சிகள் வரும். அதைத் தள்ளிவிட்டுப் பார்க்காதீர்கள், செல்போனில் எல்லாரும் தள்ளுகிற இடம் அதுதான்.

அப்படியானால் படமே போதுமே என்று உங்கள் நாலு பேரும் கேட்பார்கள். போதாது. படம் இரண்டு பேரையும் பிரித்துக் காட்டிவிட்டு, அதில் ஒருத்தனைக் குளிப்பாட்டி, பவுடர் போட்டு, நல்ல சட்டை மாட்டிவிடுகிறது.

15 டாலர் விஷயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கிளம்பும்போது காதலி சிச்சினா, நீச்சலுடை வாங்கி வரச் சொல்லி 15 டாலர் கொடுப்பார். எவ்வளவு பட்டினியிலும் எர்னஸ்டோ அதைத் தொடமாட்டார், ஆல்பர்டோ கெஞ்சுவார், திட்டுவார். பிற்பாடுதான் தெரியும், சிலியில் பாலைவனத்தில் சந்தித்த ஓர் ஏழைத் தம்பதிக்கு, கம்யூனிஸ்ட் என்பதால் வேலை கிடைக்காமல் சுரங்கம் தேடி நடந்துகொண்டிருந்தவர்களுக்கு, அதைக் கொடுத்துவிட்டார் என்பது. தியேட்டரில் பார்த்தால் தொண்டை அடைக்கும். புத்தகத்தில் அந்தத் தம்பதி உண்டு, குளிர் உண்டு, அவர்களுக்கு இவர்கள் கொடுப்பது ஒரு கம்பளி. மிச்சமிருந்த ஒன்றில் இவர்கள் இரண்டு பேரும் சுருண்டுகொள்கிறார்கள், வாழ்க்கையிலேயே அப்படிக் குளிர்ந்த ராத்திரி அபூர்வம் என்கிற மாதிரி எழுதுகிறார். எனக்கு 15 டாலரைவிட அந்தக் கம்பளிதான் நம்பும்படி இருக்கிறது. காசு கொடுப்பவனுக்கு அன்றைக்கு ராத்திரி குளிராது.

அப்புறம் ஆற்றில் நீந்துவது, எங்கள் மாடியில் கைதட்டு வாங்கிய இடம். பெருவில் சான் பாப்லோ தொழுநோய் மருத்துவமனையில் இருக்கும்போது அவருக்குப் பிறந்தநாள் வருகிறது. படத்தில் விருந்தில் ஒரு சொற்பொழிவு, உடனே அதே ராத்திரி, இழுப்பு நோய்க்காரர், இருட்டில் அமேசானில் குதித்து நோயாளிகள் இருக்கும் அக்கரைக்கு நீந்துகிறார், இக்கரையில் நண்பன் பதறுகிறான், அக்கரையில் ஆரவாரம். புத்தகத்தில் பிறந்தநாள் உண்டு, சொற்பொழிவும் உண்டு. நீச்சலும் உண்டு, ஆனால் அது வேறு ஒரு நாள், ஒரே வாக்கியம். ஆற்றை நீந்திக் கடந்தேன், கிட்டத்தட்ட 2 மணி நேரம் பிடித்தது, அவ்வளவு நேரம் காத்திருக்க விருப்பமில்லாத டாக்டர் நொந்துபோனார், முடிந்தது. எனக்கு அந்த டாக்டரைத்தான் பிடிக்கும். ஒருத்தன் சரித்திரம் படைத்துக்கொண்டிருக்கும்போது, வீட்டுக்குப் போக நேரமாகிறதே என்று நிற்கிற மனிதர் எல்லாப் பயணத்திலும் ஒருவர் இருப்பார். படத்தில் அவருக்கு இடமில்லை.

சிலியில் கப்பலில் திருட்டுத்தனமாக ஏறிக் கக்கூசுக்குள் ஒளிந்திருந்து, நாற்றம் தாங்காமல் வெளியே வந்து, அதே கக்கூசைக் கழுவுகிற வேலை எர்னஸ்டோவுக்கே வந்து சேர்வது புத்தகத்தில் இருக்கிறது. படத்தில் அந்தக் கப்பலே கிடையாது. விழுந்து விழுந்து சிரிக்கிற இடம், எப்படி விட்டார்களோ.

இவையெல்லாம்கூடச் சின்ன விஷயம். பெரிய விஷயம் இரண்டு. கராகஸில் கறுப்பின மக்களையும் போர்த்துக்கீசியக் குடியேறிகளையும் பற்றி அவர் எழுதியிருக்கிற சில வரிகள் அப்பட்டமான இன இளக்காரம். ஆட்டோ பின்னாலும் டீ சட்டையிலும் இருக்கிற முகம் இப்படி எழுதியதா என்று இருக்கும். எழுதியது. 24 வயதில் எழுதியது, பின்னாளில் ஆப்பிரிக்காவுக்கே போய்ச் சண்டை போட்டவர் என்பதும் உண்மை, ஆனால் வரி வரிதான். இரண்டாவது, புத்தகத்தின் கடைசி அத்தியாயம். ஓரத்தில் எழுதிய குறிப்பு என்கிற மாதிரி ஒரு தலைப்பு. யாரோ ஒரு மர்ம மனிதர் இருட்டில் உட்கார்ந்து வரப்போகும் புரட்சியைப் பற்றிப் பேசுகிறார், கேட்ட இவர், நான் மக்கள் பக்கம் நிற்பேன், ரத்தம் சிந்த வைப்பேன் என்று வெறி பிடித்த மாதிரி எழுதிக்கொண்டு போகிறார். அதுவரை சோற்றுக்கு அலைந்த பொடியனின் குரலே அல்ல அது. சாலஸ் இதைத் தொடவே இல்லை. அவர் படம் விமான நிலையத்தில், ஏதோ மாறிவிட்டது, என்னவென்று யோசிக்க வேண்டும் என்கிற சாந்தமான இடத்தில் முடிகிறது. படம் மட்டும் பார்த்தவன் ஒரு நல்ல பையனோடு வெளியே வருவான். புத்தகம் படித்தவனுக்கு அந்தப் பையன் மேல் கொஞ்சம் பயமும் வரும். உங்கள் ஆறு பேருக்கும் பேச விஷயம் வேண்டும் என்றால் அது அங்கேதான் இருக்கிறது.

மற்ற பயண நூல்களுக்கும் இதே கணக்கா என்றால், இல்லை, ஆளுக்கு ஆள் மாறும். 'வைல்ட்' என்று ஒன்று, ஷெரில் ஸ்ட்ரேய்ட் எழுதியது. அம்மா இறந்து குடும்பம் சிதறிய பிறகு 1995இல் அமெரிக்காவின் மேற்குப் பக்கம் மலைத்தொடரில் 1,100 மைல் தனியாக நடந்தவர். நடந்து 17 வருடம் கழித்து 2012இல் புத்தகம், 2014இல் படம். சுமை குறைய வேண்டும் என்று, படித்து முடித்த பக்கங்களை ராத்திரி கிழித்து எரித்துவிட்டு நடப்பார். புத்தகப் பிரியர்களுக்கு நெஞ்சு வலிக்கிற இடம். அதில் துணைக்கு ஆள் கிடையாது, அதனால் படம் மீட்டுக் கொடுக்க இரண்டாவது ஆளும் இல்லை, நினைவுகளைத் துண்டு துண்டாகச் செருகித்தான் ஓட்ட வேண்டியிருந்தது, அதைத் திறமையாகச் செய்திருக்கிறார்கள். ஆனால் அவருடைய அக்காவையே கதையிலிருந்து எடுத்துவிட்டார்கள். ஒரு சாவு வீட்டில் எத்தனை பேர் மிச்சம் என்பது சின்னக் கணக்கா? 'ஈட் ப்ரே லவ்' விஷயத்தில் நான் ஒன்றும் பெரிதாகச் சொல்வதற்கில்லை. ஜபமாலையின் 108 மணிக்கு ஈடாக 108 துண்டாக எலிசபெத் கில்பர்ட் எழுதிய புத்தகம், பயணச் செலவே எழுதப்போகும் புத்தகத்துக்குப் பதிப்பகம் கொடுத்த முன்பணம் என்று அவரே நேர்மையாகச் சொல்லிவிடுகிறார். படத்துக்கு ஜூலியா ராபர்ட்ஸ், இத்தாலி, சாப்பாடு. பசியோடு பார்க்காதீர்கள்.

நம் பக்கத்தில் தலைகீழாக நடந்த ஒன்று உண்டு. ஏ. கே. செட்டியார் காந்தியைப் பற்றி ஆவணப்படம் எடுக்கக் கண்டம் கண்டமாக அலைந்து படச்சுருள் சேகரித்தார், படம் 1940இல் வந்தது. அந்த அலைச்சலைப் பிற்பாடு அவரே எழுதினார், 'அண்ணல் அடிச்சுவட்டில்' என்று புத்தகமாகக் கிடைக்கிறது. முதலில் படம், அப்புறம்தான் பயண நூல். அதிலும் எனக்குப் புத்தகம்தான். இவர் அலுவலகம் அலுவலகமாகப் போய்க் காத்திருப்பது, யாரோ முன்பின் தெரியாதவர் உதவுவது, எல்லாவற்றையும் தன்னைப் பெரிதாகக் காட்டிக்கொள்ளாமல் சொல்லிக்கொண்டு போவார். செட்டியாரின் எழுத்தில் 'நான்' என்பது வாசற்படியிலேயே நின்றுவிடும்.

சரி, எப்படிப் படிப்பது? சின்னப் புத்தகம்தான், ராத்திரி கொஞ்சம் கொஞ்சமாகப் படித்தாலும் ஒரு வாரம் போதும். வண்டி சாகிற வரையும், அதற்குப் பிறகு சுகிகமாட்டா தாமிரச் சுரங்கம் வருகிற அத்தியாயம் முடிகிற வரையும் படியுங்கள். நிறுத்துங்கள். படத்தைப் போடுங்கள், 2 மணி 6 நிமிடம், ஸ்பானிஷ் மொழியிலேயே சப்டைட்டிலோடு பாருங்கள், டப்பிங் கிடைத்தாலும் வேண்டாம். இதுவரை படித்ததில் எதை மாற்றியிருக்கிறார்கள் என்று உங்களுக்கே தெரிந்துவிடும். அப்புறம் மீதிப் புத்தகத்தைத் திறந்தால், படம் சொன்னதை அப்படியே நம்ப மனது வராது, புத்தகம் சொல்வதையும்தான். அந்த மனநிலையில் கடைசி அத்தியாயத்தைப் படிக்க வேண்டும். முழுப் புத்தகத்தையும் முதலில் முடித்துவிட்டால் படம் பார்க்கும்போது பிழை திருத்துகிற வாத்தியாராகிவிடுவோம், அது ஒரு வியாதி. படத்தை முதலில் பார்த்துவிட்டாலோ, அதற்கப்புறம் புத்தகத்தில் எந்தப் பக்கத்திலும் பெர்னால் முகம்தான்.

சுரங்க அத்தியாயத்தைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். பலர் தாண்டிவிடுவார்கள், தாமிரத்தை எப்படிப் பிரித்தெடுக்கிறார்கள் என்று விலாவாரியாக எழுதியிருப்பார், பாடப்புத்தகம் மாதிரி இருக்கும். படத்தில் அந்த இடத்தில் வேலைக்கு ஆள் பொறுக்குகிற காட்சி, கோபத்தில் லாரி மேல் ஒரு கல்லை விட்டெறிவது, அதோடு சரி. நாம் சேலத்துக்காரர்கள், நமக்கு அது போதாது. ஓமலூர் ரோட்டில் கருப்பூர் பக்கம் வெள்ளை வெளேரென்று குவித்துக் கிடக்கிறதே, வெளியூர்க்காரர்கள் ரயில் ஜன்னலில் பார்த்து சுண்ணாம்பா என்று கேட்பார்கள், வெள்ளைக்கல், மேக்னசைட். அதைச் சூளையில் சுட்டுத்தான் இரும்பு உலைகளுக்கு உள்பக்கம் பூசுகிற, சூடு தாங்குகிற செங்கல் செய்வார்கள். எங்கள் சித்தப்பா அந்த மாதிரி ஒரு சூளையில் வேலை பார்த்தவர். வீட்டுக்கு வந்ததும் திண்ணைக்கு வெளியிலேயே நின்று சட்டையை உதற வேண்டும், இல்லாவிட்டால் சித்தி உள்ளே விடமாட்டார். குளித்துவிட்டு வந்து சாப்பிட உட்கார்ந்த பிறகும் காது மடிப்பில் வெள்ளை இருக்கும். சின்ன வயதில் நான் அதை விபூதி என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். கல் என்ன ஆகிறது என்று ஒருவர் பொறுமையாக எழுதினால்தான் அந்தக் காது நமக்கு ஞாபகம் வருகிறது, கல்லெறிகிற காட்சியில் எனக்கு வரவில்லை.

மலைக்குப் போகும்போது ஒன்று செய்யுங்கள். ஆறு பேரில் யாராவது ஒருத்தர் எழுதுவதாக இருந்தால் இரண்டு பேர் எழுதுங்கள், ஒரே வண்டியில் முன்னால் உட்கார்ந்தவரும் பின்னால் உட்கார்ந்தவரும். ஒருத்தர் எழுதியதை மற்றவருக்குக் காட்டாதீர்கள். வளைவுக்கு வளைவு எண் போட்டுப் பலகை இருக்கும், 20 வளைவு, எந்த வளைவில் எது என்று இரண்டு பேரும் குறித்து வையுங்கள். குரங்குகளுக்குப் பொரி போடாதீர்கள். வண்டியை இப்போதே நல்ல மெக்கானிக்கிடம் விட்டுப் பிரேக் பாருங்கள், ஏறுவதைவிட இறங்குவதுதான் ஆபத்து. கிளட்ச் வயர் ஒன்று உபரியாக இருக்கட்டும்.

வயர் என்றதும் ஞாபகம் வருகிறது. குறும்படத்தைப் பார்த்த பிறகு, நீயும் ஒரு தடவை எழுதேன்டா என்று நண்பனிடம் நானே கேட்டேன். எழுதுகிற ஆள் இல்லை அவன், சேவாப்பேட்டையில் வெள்ளிப் பட்டறைக் கணக்குத் தவிர வேறு எழுதியதில்லை. ஒரு மாதம் கழித்துக் கணக்கு நோட்டிலிருந்து கிழித்த ஒரு தாளைக் கொடுத்தான். என் நோட்டில் அந்த இடத்தில் 'உபரி கிளட்ச் வயர் எடுத்துக்கொள்ள மறந்துவிட்டோம்' என்று இருக்கிறது. அவன் தாளின் முதல் வரி: 'முந்தின நாள் சாயங்காலமே வயர் வாங்கி வரச் சொல்லி இவனிடம் 12 ரூபாய் கொடுத்திருந்தேன், இவன் அதில்தான் தட்டுவடை வாங்கினான்.'